ஒளுத் தண்ணீர்

பெருநாளன்று சாப்பிட்டு முடித்து எல்லோரும் பாயில் சாய்ந்திருக்கும்போது நீங்கள் இருவரும் அந்தக் கதையை எடுத்துவிடுகிறீர்கள். "எங்க அத்தா ஆஸ்பத்திரியில ஒளுத் தண்ணியக் குடிச்ச ஆளு" என்று மகள் ஆரம்பிப்பாள். மகன் என்னைப் போலவே கன்னத்தை உப்பிக் காட்டுவான். மாமு வீட்டு ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் எழுந்து போனால் அது இன்னும் பெரிய கதையாகிவிடும்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது அந்த வார்டில் இருந்த சிலருக்கு மட்டும் தெரியும். நான் பத்தாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் வாயால் சொன்னால் பாதியில் நானே அதைச் சிரிப்பாக்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் கால் வீங்க ஆரம்பித்ததை நான்தான் முதலில் பார்த்தேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தோல் மண்டியில் நாள் முழுக்க நின்று தரம் பிரிக்கிறவனுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். கட்டை விரலால் கணுக்காலில் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. பேகம்பூர் வீட்டிலிருந்து மண்டி வரைக்கும் நடக்கிற தூரத்தில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டி வந்தது. ஒருநாள் மண்டிப் படியில் ஏறும்போதே கண் இருட்டிவிட்டது. அங்கிருந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். எல்லா நோயாளிகளையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இதயம் அடிக்கிற பலம் கொறஞ்சு போச்சுப்பா. மோட்டார் சரியா ஓடலைன்னா தண்ணி தேங்கி நிக்கும்ல, அதே மாதிரிதான். கால்ல, நுரையீரல்ல எல்லாம் தண்ணி. அத ஊசி போட்டு நான் வெளியேத்துறேன். நீங்க உள்ள ஊத்தாம இருக்கணும். அம்புட்டுதான்."

ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். மாத்திரை விழுங்குகிற தண்ணீர், கஞ்சி, டீ எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பாட்டில் உங்கள் அம்மாவின் கையில். உப்பையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்.

தாகம் எனக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்தேன். கோடையில் வந்த ரமலானிலும் ஒரு நோன்பு விடாமல் பிடித்தவன் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள அழுகாமலிருக்க உப்புத் தடவிய தோல் கட்டுகளைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் நோன்புத் தாகத்துக்குப் பொழுது சாய்ந்ததும் வருகிற மஃரிப் பாங்கு என்று ஒரு முடிவு இருக்கிறது. இதற்குப் பாங்கு இல்லை. ஊசி போட்டுப் போட்டு உடம்பிலிருந்து தண்ணீர் சிறுநீராக இறங்க இறங்க, வாய் சுண்ணாம்பு பூசினது மாதிரி ஆகிவிடும். உங்கள் அம்மா பாட்டில் மூடியில் ஊற்றித் தருவாள். அது தொண்டைக்குப் போகிறதற்குள் நாக்கே குடித்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் குடிக்கும்போது அவர் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறவர், நெஞ்சு அடைப்புக்காக வந்திருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

சேர்ந்த மறுநாள் பிற்பகல் அஸர் தொழலாம் என்று எழுந்தேன். தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று கழுவுகிற ஒளுவைச் செய்ய வார்டு மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனேன். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வாயில் விட்டுக் கொப்பளித்தேன். கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, தானாக இறங்கியது. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

இரண்டாவது கைத் தண்ணீர் தானாக இறங்கவில்லை.

வாயை மூன்று முறை கொப்பளிப்பது வழக்கம். மூன்றையும் விழுங்கினேன். அப்புறம் குனிந்து, துப்புவது போலத் தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து தொழுதேன். தொழுகையில் என் நினைப்பெல்லாம் மஃரிப் எப்போது வரும் என்பதிலேயே இருந்தது. அல்லாஹ்வைப் பார்க்கப் போகிற அவசரம் என்று என்னைப் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் எப்படிப்பட்ட தொழுகையாளி என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ உண்டு, மற்றபடி மண்டி வேலையைச் சாக்காகச் சொல்கிறவன். அந்த ஆள் ஆஸ்பத்திரியில் ஐந்து வேளையும் தவறாமல் எழுந்ததும் உங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சிக்குப் போன் போட்டு, "நோவ குடுத்தாலும் அல்லா நேர்வழியும் குடுத்துட்டான்டி" என்றாள். நான் போர்வைக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வேளை போதவில்லை என்று முற்பகலில் ஒரு லுஹா தொழுகையையும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் போதாமல், "காத்து பிரிஞ்சிருச்சு, ஒளு முறிஞ்சுபோச்சு" என்று தொழுகைக்கு நடுவில் எழுந்து மறுபடி வாஷ்பேசினுக்குப் போவேன்.

"என்னங்க இது, வீட்டுல இருக்கும்போது ஒளுவே கெடையாது. இங்க வந்து ஒளு நிக்கவே மாட்டேங்குது?" என்று உங்கள் அம்மா சிரித்தாள்.

"வயசாச்சுங்கம்மணி. எனக்கும் அந்தக் கேசுதான்" என்றார் தக்காளிக்காரர். வார்டே சிரித்தது.

வார்டில் பகல் நேரத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள், அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். செம்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், உங்களுக்கு அக்கா ஆகிற வயது இருக்கும். நான் நின்றுகொண்டே ஒளு செய்து தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வாஷ்பேசின் முன்னால் போட்டாள்.

"உக்காந்து செய்ங்க பாய். எங்கப்பாவும் இப்படித்தான், மூச்சு வாங்குனாலும் ஜெபமாலைய விடமாட்டாரு. நீங்க வாரப்ப யாரும் இங்க கை கழுவ வராம நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மரியாதைக்காக முதுகைத் திருப்பிக்கொள்வாள். அந்த மரியாதையின் மறைவில் உட்கார்ந்துதான் நான் குடித்தேன். தக்காளிக்காரர் ஒருநாள், "ஏனுங்க பாய், உங்க அல்லாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நாளைக்கு ஆப்ரேசன் தேதி சொல்றாங்களாமா" என்று கை கூப்பினார். சரி என்று தலையாட்டினேன். என்னத்தைச் சொல்ல?

சில நாள் போனது. கால் வீக்கம் இறங்கவில்லை. காலையில் நிறுத்துப் பார்த்தால் எடை குறைவதற்குப் பதில் ஏறியது. தலை கனத்தது, சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முகம் மாறிப்போய் வந்தார்.

"ரத்தத்துல சோடியம் இறங்கிட்டே போகுதுப்பா. உப்புச் சத்து."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்ல உப்பே ஆகாதுன்னீங்க. இப்ப உப்பு இல்லைங்கிறீங்க. எங்க மண்டியில மூட்ட மூட்டையா கெடக்கு, ஒரு கைப்பிடி அள்ளிட்டு வரச் சொல்லவா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "அம்மா குழம்பு வச்சு எறக்குனப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சு. யாரோ வந்து ரெண்டு சொம்பு பச்சத்தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டாங்க. இப்ப உப்பு எங்க போச்சு?" என்றார்.

"எங்க போகும்? குழம்புலதான் இருக்கு."

"ஆனா வாயில வச்சா சப்புன்னு இருக்கும்ல? உங்க ரத்தமும் அப்படித்தான் இருக்கு. உப்ப அள்ளிப் போட்டா தாகம்தான் கூடும், வீக்கம்தான் கூடும். தண்ணிய நிறுத்தணும். கொஞ்சம் மாத்திரையாலயும் இறங்கும், இதயம் சோர்ந்தாலும் இறங்கும். ஆனா இந்த வேகத்துல இறங்குதுன்னா யாரோ தண்ணி ஊத்துறாங்க. யாருன்னுதான் தெரியல."

எனக்குக் காது சூடானது. கண்ணை மூடிக்கொண்டேன். அயர்ந்து படுத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

டாக்டரம்மா நர்ஸின் பக்கம் திரும்பினார். என் கட்டிலுக்குப் பக்கத்தில், எல்லாரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "சிஸ்டர், மருந்து ஏத்துற ட்ரிப்ஸ வேகமா ஓட விட்டுட்டு மறந்துட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப எடை எப்படி ஏறுது? குடிச்சது இம்புட்டு, போனது இம்புட்டுன்னு ஒழுங்காப் பாத்தீங்கன்னா எனக்கு இந்தக் குழப்பம் வருமா? ஒரு நோயாளியக்கூடக் கவனிக்க முடியாதா?"

டாக்டர் போன பிறகு அவள் உங்கள் அம்மாவிடம் வந்து மெதுவாக, "அம்மா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பாவமேன்னு பாய்க்குக் கூடக் கொஞ்சம் தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"அல்லா மேல ஆணையா இல்ல தாயி. இந்தா பாரு, பாட்டில் அப்படியே இருக்கு. அவுக கேக்கக்கூட இல்ல."

உண்மைதான், நான் கேட்கவில்லை. கேட்கிற தேவை எனக்கில்லை.

பிறகு உங்கள் அம்மாவை மட்டும் டாக்டரம்மா வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன சொன்னார்கள் என்று நச்சரித்த பிறகு சொன்னாள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த உப்பு இறங்குவது நல்ல அறிகுறி இல்லையாம். இப்படி இறங்கினவர்கள் சீக்கிரம் வீடு திரும்புவதில்லையாம். திரும்பினாலும் மறுபடி மறுபடி வந்து படுக்க வேண்டி வருமாம். சிலர் திரும்பாமலே போவதும் உண்டாம். "பிள்ளைகள வரச் சொல்லவான்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம வரட்டும்னாங்க" என்றாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அன்றைக்கு அஸருக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் குடித்தேன். நீங்கள் சொல்லிச் சிரிக்கிற கதையில் இந்த இடம் இல்லை. எனக்கு மூச்சு இருக்கும் வரை மறக்காத இடம் இதுதான்.

அதற்கடுத்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தலைக்குள் புகை நிரம்பினது மாதிரி இருந்தது. வார்டை மண்டி என்று நினைத்துக்கொண்டேன். கட்டில்களில் போர்த்திப் படுத்திருந்தவர்களெல்லாம் அடுக்கி வைத்த தோல் கட்டுகள். "அந்த மூலைக் கட்டுல உப்பு பத்தல, அழுகிரும்லே" என்று யாரையோ அதட்டினேனாம். தக்காளிக்காரரைப் பார்த்து, "இது ரெண்டாந் தரம், ஓரம் கிழிஞ்சிருக்கு" என்று சொன்னேனாம். அவர், "சரியாத்தான் சொல்றாருங்க" என்றாராம்.

நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை. எழுந்து நடக்க முடியாததால் உங்கள் அம்மா கட்டிலுக்கே பேசினும் செம்பும் கொண்டுவந்து ஒளு செய்துவிட்டாள். மகள் தோளைப் பிடித்திருந்தாள். நர்ஸ் ஊசியோடு பக்கத்தில் நின்றாள். வாய்க்குத் தண்ணீர் விட்டதும், புத்தி தெளிவாக இருந்தவரை நான் ஒளித்துச் செய்ததை, புத்தி கலங்கியதும் அத்தனை பேர் முன்னால் செய்தேன். மடக்கென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன்.

"துப்புங்க. என்னங்க, துப்புங்க!"

"இன்னும் ஊத்து. மூணு இருக்குல்ல. சிஸ்டரு திரும்பிக்கிட்டாளா?"

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். கலக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தீர்கள், அது உங்கள் தப்பில்லை. ஆனால் உங்கள் அம்மா சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள், பிறகு மூலையில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் புகைக்குள்ளும் அந்த இரண்டு முகமும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

புத்தியே கலங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒரே அடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்லப் புகை விலகியது. தெளிந்து கண் திறந்தபோது வாஷ்பேசின் முன்னால் நாற்காலி இல்லை.

தெளிந்த மறுநாள் மதியம் உங்கள் அம்மா ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே சலித்த காய்ந்த மண்.

"பள்ளிவாசல் அஜரத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். தண்ணி ஆகாதவங்க சுத்தமான மண்ணுல கையத் தட்டி மூஞ்சியயும் கையயும் தடவிக்கிட்டாப் போதுமாம். தயம்மும்."

"அஜரத்துகிட்ட என்னன்னு சொன்ன?"

"தண்ணி ஆகாதுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

அவ்வளவுதான் பேசினாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவள் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. மண்ணில் கையைத் தட்டினேன், முகத்தில் தடவினேன். வாயில் வைக்க ஒன்றும் இல்லை. அந்த வேளை தொழும்போது எனக்கு வேறு எதற்கும் அவசரம் இருக்கவில்லை. என்ன ஓதினேன் என்பதுகூடக் காதில் விழுந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். எல்லாம் சரியாகி வருகிறது என்று சந்தோஷமாக இருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஒளு செய்யுறப்ப தண்ணிய முழுங்கிட்டீங்களாமே? சிஸ்டர் சொன்னாங்க. கலக்கத்துல அப்படித்தான் ஆகும்ப்பா, வெக்கப்படாதீங்க."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, அதுவும் கலக்கத்தில் என்று மட்டும்தான் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அதற்கு முந்தைய நாட்களைச் சொல்லவில்லை. கலக்கத்தால் குடித்தேன் என்று டாக்டர் நம்பிக்கொண்டிருக்கிறார். குடித்ததால்தான் கலக்கம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும், தொழுகிற மனுஷனை அசிங்கப்படுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்படியானால் ட்ரிப்ஸை ஓட விட்டு மறந்த பழி இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது.

அவள் இரண்டு கட்டில் தள்ளி யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்துவிடலாம். அவளே மூடிவிட்ட விஷயம். உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி அழுத்திப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன் டாக்டரிடம். "அது ஒருநாள் இல்ல. இங்க சேந்த மறுநாள்ல இருந்தே குடிச்சேன். புத்தி நல்லா இருக்கும்போதே. ஒளு ஒளுன்னு சொல்லிட்டுப் போயிப் போயிக் குடிச்சேன். சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன், அவளைத் திட்டியதும் சத்தமாகத்தானே. தக்காளிக்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். டாக்டரம்மா நேராக அந்த நர்ஸிடம் போய், "சாரி சிஸ்டர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. இந்த நோயில் தாகம் மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று தனக்குத் தெரியும் என்றும், அடுத்த முறை தாங்க முடியாவிட்டால் நான் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் உடனே வரவில்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். அதில் பட்டாணி அளவுக்கு உடைத்த ஐஸ் துண்டுகள்.

"வாயத் திறங்க பாய்."

திறந்தேன். ஒரு துண்டை நாக்கில் வைத்தாள்.

"முழுங்காதீங்க, கரைய விடுங்க. அம்புட்டு தாகம்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? இத மொத நாளே குடுத்திருப்பேன்ல? சொல்றதுக்கு என்ன பாய்? உங்க மக மாதிரிதான நான்?"

வாயில் ஐஸ் இருந்தது. அது கரைந்து முடிகிற வரைக்கும் அவள் நின்றாள். கரைந்ததும், "இன்னும் ஒண்ணு குடு தாயி" என்று கேட்டேன்.